நாளுக்கு ஒரு பத்தி

வீடு மந்திரிப்பதற்காக இல்லங்களுக்குச் செல்லும்போதெல்லாம் நாம் காணும் காட்சி ஒன்று உண்டு. இயேசுவின் திரு இருதயப் படத்திற்குக் கீழே, மெழுகுதிரிக்கும் செபமாலைக்கும் அருகில் திருவிவிலியம் வைக்கப்பட்டிருக்கும். சில வீடுகளில் அது பட்டுத்துணியால் போர்த்தப்பட்டிருக்கும். சில வீடுகளில் திருமண நாளன்று அன்பளிப்பாக வந்த உறைகூடப் பிரிக்கப்படாமல் இருக்கும். மரியாதைக்குக் குறைவே இல்லை. ஆனால், அந்த மரியாதையின் அளவுக்கு வாசிப்பும் இருக்கிறதா? "அதைத் தொடாதே, கிழித்துவிடுவாய்" என்று கேட்டே வளரும் குழந்தையிடம், பத்து வயதில் திடீரென "எடுத்துப் படி" என்றால் அதன் கை எப்படி நீளும்?

இதற்காகப் பெற்றோரைக் குறை கூறுவது எளிது; நியாயம் அன்று. நம் தாத்தா பாட்டியர் ஞானோபதேச வினா விடையை மனப்பாடம் செய்து விசுவாசத்தைக் காத்தவர்கள். அவர்களுடைய இளமைக் காலத்தில் திருப்பலி இலத்தீனில் இருந்தது. இறைமக்கள் அனைவருக்கும் மறைநூல் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தனது 'இறை வெளிப்பாடு' ஏட்டில் அறிவித்தது 1965-ஆம் ஆண்டு நவம்பர் 18 அன்றுதான். நம் கைகளில் தவழும் 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தது. ஆகவே வீட்டில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விவிலியம் வாசிக்கும் மரபு நமக்கு இன்னும் இளமையானதே. இளங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமேயன்றி, ஏன் காய்க்கவில்லை என்று கடிந்துகொள்ளலாகாது.

நம் வட்டாரத்தின் கடிகாரம்

இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனத் தோல் தொழிலால் வாழும் இவ்வட்டாரத்தில், குடும்பத்தின் நேரத்தைத் தீர்மானிப்பது தொழிற்சாலையே. இந்தச் சோளிங்கர்ப் பக்கத்திலும் விடியுமுன் உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, கம்பெனி வண்டிக்காகச் சாலையோரம் நிற்கும் தாய்மாரைக் காணலாம். நாள் முழுதும் காலணிக்கு மேல்தோல் தைத்த கண்கள் மாலையில் சோர்ந்திருக்கும். தோல் பதனிடும் சாலையில் நின்ற தந்தைக்குக் கால் கடுக்கும். ஓவர்டைம் என்றால் இன்னும் தாமதம். பிள்ளைகளோ டியூஷன் முடித்துத் திரும்பியிருப்பார்கள். குடும்பம் ஒரே கூரையின் கீழ்ச் சேர்வதற்குள் இரவு எட்டரை ஆகிவிடும். அப்போதும் ஆளுக்கொரு கைப்பேசி. இத்தகைய இல்லத்தில் போய், "தினமும் இரண்டு அதிகாரம் வாசியுங்கள்" என்று கட்டளையிடுவது, களைத்தவன் தலையில் மற்றொரு மூட்டையை ஏற்றுவதாகும்.

மற்றொரு இடரும் உண்டு. ஆங்கிலவழிப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகள் பலர் தமிழை எழுத்துக் கூட்டியே வாசிக்கின்றனர். 'இரக்கப்பெருக்கம்', 'மீட்புச் செயல்' என்னும் சொற்களைக் கண்டதும் அவர்கள் நா தடுமாறுகிறது. அக்காவோ அண்ணனோ சிரித்துவிட்டால் போதும். மறுநாள் அந்தப் பிள்ளை புத்தகத்தை எடுக்காது. விவிலியத்தின்மேல் வெறுப்பு என்று பெற்றோர் எண்ணிக்கொள்வர். உண்மையில் அது வெட்கமே.

ஒரு பழைய கடிதம்

இக்கவலை நமக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ கி.பி. 403-இல், உரோமையைச் சேர்ந்த லேத்தா என்னும் இளந்தாய், தன் பெண்குழந்தை பவுலாவை எவ்வாறு வளர்ப்பது என்று புனித ஜெரோமிடம் கேட்டார். பெத்லகேமில் அமர்ந்து மறைநூலை இலத்தீனில் மொழிபெயர்த்த அம்மாமேதை எழுதிய மறுமொழிக் கடிதம் இன்றும் கிடைக்கிறது. மறைநூலை அறியாதவர் கிறிஸ்துவையே அறியாதவர் என்னும் கருத்தை நமக்கு விட்டுச்சென்ற அதே ஜெரோம், ஒரு சிறுமிக்கு எழுத்துப் பழக்குவது பற்றி எவ்வளவு கனிவோடு பேசுகிறார்!

மரத்தாலோ தந்தத்தாலோ எழுத்துகள் செய்து கொடுங்கள், அவள் விளையாடிக்கொண்டே கற்கட்டும் என்கிறார். எழுத்தாணி பிடிக்கும் பிஞ்சு விரலைப் பிடித்து நடத்துங்கள். சின்னச் சின்னப் பரிசு கொடுங்கள். உடன்பயிலத் தோழியரைச் சேர்த்துவிடுங்கள். மெதுவாகக் கற்றாலும் திட்டாதீர்கள், பாராட்டி ஊக்குங்கள் என்கிறார். குழந்தைப் பருவத்தில் பாடத்தின்மேல் ஏற்படும் கசப்பு வளர்ந்த பின்னும் தொடரும் என்பது அவருடைய அச்சம். நாள்தோறும் மறைநூலில் ஒரு குறிப்பிட்ட பகுதியை அவள் தாயிடம் ஒப்புவிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு.

எந்த நூலை முதலில் வாசிப்பது என்பதற்கும் வரிசை தந்தார்: முதலில் திருப்பாடல்கள், பின்னர் நீதிமொழிகள், சபை உரையாளர், யோபு, அதன்பின் நற்செய்திகள், அவற்றை ஒருபோதும் கீழே வைக்கலாகாது, பின் திருத்தூதர் பணிகளும் திருமுகங்களும், அதற்கும் பின்னரே இறைவாக்கினரும் வரலாற்று நூல்களும். இனிமைமிகு பாடல் இறுதியில். முதல் பக்கத்தில் தொடங்கி கடைசிப் பக்கம் வரை வாசிக்கப் புறப்பட்டு, லேவியர் நூலிலே களைத்து நின்றுவிடும் நம்மவர்களுக்கு இதில் பெரும்பாடம் இருக்கிறது.

அக்கடிதத்தில் நம் உள்ளத்தைத் தொடும் செய்தி மற்றொன்று. லேத்தாவின் தந்தை அல்பீனுஸ் கிறிஸ்தவர் அல்லர். உரோமைச் சமயத்தின் குருக்களுள் ஒருவர். அந்தத் தாத்தாவின் மடியில் அமர்ந்து பேத்தி மழலையில் 'அல்லேலூயா' பாடுவதையும், முதியவர் அதைக் கேட்டு மகிழ்வதையும் ஜெரோம் ஆவலோடு எண்ணிப் பார்க்கிறார். யோக நரசிம்மர் மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இது அயலான காட்சியா? நம் குடும்பங்கள் பலவற்றில் தாய்மாமன் ஒரு சமயம், அத்தை ஒரு சமயம். குழந்தையின் வாசிப்பு யாரையும் எதிர்ப்பதற்கன்று. அது அவ்வீட்டில் யாவரும் கேட்டு மகிழக்கூடிய இனிய குரலாக ஒலிக்கட்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, அளவு சிறிதாக இருக்கட்டும். நம் பொது மொழிபெயர்ப்பில் ஒவ்வோர் அதிகாரமும் சிறு தலைப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு தலைப்பின் கீழுள்ள பகுதியே ஒரு நாளின் உணவு. ஐந்து நிமிடம் போதும். மாற்கு நற்செய்தியில் 16 அதிகாரங்களே உள்ளன. இயேசு நடந்துகொண்டே இருக்கும் விரைவான நூல் அது. சிறுவர்க்குத் தொடங்க ஏற்றது. டிசம்பர் முதல் நாள் தொடங்கி நாளுக்கோர் அதிகாரமாக லூக்கா நற்செய்தியின் 24 அதிகாரங்களை வாசித்தால், கிறிஸ்து பிறப்பு விழாவின் திருவிழிப்பு நாளன்று அது நிறைவுறும். நீதிமொழிகள் 31 அதிகாரங்கள்; ஒரு மாதத்திற்குச் சரியாக அமையும். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு: புதிய ஏற்பாடு முழுவதும் 260 அதிகாரங்கள், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரங்களில் முடிந்துவிடும். எதிரே நிற்கும் மலைக்கு 1,300-க்கும் மேற்பட்ட படிகள். 2024-இல் அதற்கு ரோப் கார் வந்துவிட்டது. மறைநூல் என்னும் மலைக்கு அத்தகைய வசதி இல்லை. படிப்படியாகவே ஏற வேண்டும்.

இரண்டாவது, புதிதாக நேரம் தேடாதீர்கள். ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கத்தோடு இதை இணைத்துவிடுங்கள். பேசும் இடமாக இணைச்சட்ட நூல் பெற்றோருக்குக் காட்டுவது வீட்டையும் வழியையும். நேரமாகக் காட்டுவது படுக்கும் வேளையையும் எழும் வேளையையும். நம் வீடுகளில் இரவுச் சோற்றுக்குத் தட்டு வைக்கும் நேரம் அதற்கு உகந்தது. வாசித்த பிறகே சாப்பாடு என்று அல்ல. வாசித்துவிட்டுச் சேர்ந்து சாப்பிடுவோம் என்று. தாய்க்கு இரவுப் பணி என்றால் தந்தை வாசிக்கட்டும். தந்தை வெளியூரில் என்றால் கைப்பேசியிலே அழைத்து, பிள்ளை அவருக்கு வாசித்துக் காட்டட்டும். பிரிக்கும் கருவியே இணைக்கவும் உதவும்.

மூன்றாவது, வயதை அறிந்து கொடுங்கள். ஆறு வயதுக்கு உட்பட்டோருக்குப் புத்தகம் வேண்டாம், கதையாகச் சொல்லுங்கள். காணாமற்போன ஆடு, புயல் அடங்கிய கடல், ஐந்து அப்பம் கொண்டுவந்த சிறுவன் போதும். ஏழு முதல் பத்து வயது வரை உரக்க வாசிக்கும் பருவம். தடுமாறும் சொல்லை மெல்ல எடுத்துக் கொடுங்கள். சிரிக்க யாரையும் அனுமதியாதீர்கள். பதினொன்றுக்கு மேல், பிள்ளையின் பெயர் எழுதிய தனி விவிலியம் ஒன்று கொடுங்கள். அதில் கோடு போடட்டும், ஓரத்தில் குறிக்கட்டும், பக்கம் மடங்கட்டும். தேய்ந்த விவிலியமே வாழும் விவிலியம்.

நான்காவது, கேள்விக்கு அஞ்சாதீர்கள். காயினுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள் என்று கேட்காத சிறுவன் உண்டா? மறைநூலில் கவிதை உண்டு, உவமை உண்டு, வரலாறு உண்டு, சட்டம் உண்டு. ஒவ்வொன்றையும் அதனதன் வகையறிந்து வாசிக்க வேண்டும் என்று திருச்சபை கற்பிக்கிறது. இதைப் பெற்றோர் எல்லாரும் இறையியல் பயின்று விளக்க வேண்டியதில்லை. "எனக்கும் தெரியவில்லை, ஞாயிறன்று சாமியாரைக் கேட்போம்" என்று சொல்லும் தாயிடம் பிள்ளை நேர்மையைக் கற்றுக்கொள்கிறது. "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்ற சொல்லோ அதன் வாயோடு மனத்தையும் மூடிவிடுகிறது.

இரண்டு எச்சரிக்கைகளையும் கூறிவிடுகிறோம். குறும்பு செய்த பிள்ளைக்குத் தண்டனையாக விவிலியம் வாசிக்கச் சொல்லாதீர்கள். தண்டனையை யாரும் நேசிப்பதில்லை. அவ்வாறே, விவிலிய வினாடி வினாவுக்காக மட்டும் வாசிக்கவும் விடாதீர்கள். போட்டிகள் நல்லவை, ஆர்வத்தைத் தூண்டுபவை. ஆனால் கோப்பை அலமாரிக்குப் போனதும் புத்தகமும் அலமாரிக்குப் போகிறது என்றால், பிள்ளை தேடியது இறைவனை அன்று, மதிப்பெண்ணையே.

வாசிக்கத் தெரியாத பெரியவர்கள்

"சாமி, எனக்குப் படிக்கத் தெரியாது, பிள்ளைக்கு நான் என்ன கற்றுக்கொடுப்பேன்?" என்று கூசி நிற்கும் பாட்டிமார் நம் பங்குகளில் உண்டு. வறுமையும் சாதிக் கொடுமையும் பள்ளி வாயிலை அடைத்த தலைமுறை அவர்களுடையது. அவர்களிடம் நாம் சொல்வது இதுதான்: சிறுவன் சாமுவேலுக்கு ஆண்டவரின் குரலை அடையாளம் காட்டியவர், கண்பார்வை மங்கிய முதியவர் ஏலி அல்லவா? மறுபடி அழைப்பு வந்தால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் கற்பித்ததோடு சரி, கேட்டவன் சிறுவன். அதுபோல, பேரனை அருகில் அமர்த்தி, "எனக்கு வாசித்துக் காட்டு ராசா" என்று கேளுங்கள். தான் வாசிப்பதற்காக ஒருவர் காத்திருக்கிறார் என்று உணரும் பிள்ளை நாள் தவறாது. திமொத்தேயுவின் தந்தை கிரேக்கர். அவ்வீட்டில் விசுவாசம் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்தது என்று புனித பவுல் நினைவுகூர்கிறார். திமொத்தேயு குழந்தைப் பருவம் முதலே மறைநூலை அறிந்தவர் என்றும் எழுதுகிறார்.

இதில் அடங்கியிருப்பது சிறு பழக்கம் ஒன்று மட்டுமன்று. இன்று நம்மிடம் கதை கேட்கும் பிள்ளை நாளை சென்னைக்கோ ஓசூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ வேலைக்குச் செல்லும். அங்கே பங்குத்தந்தை அருகில் இருக்கமாட்டார். அன்பியக் கூட்டமும் இருக்காது. வேலை பறிபோன இரவிலோ, உறவு முறிந்த இரவிலோ, நோயுற்ற இரவிலோ அதன் உதட்டில் எழுவது, பத்து வயதில் பாட்டிக்கு வாசித்துக் காட்டிய திருப்பாடலாக இருக்கலாம். நாம் சேர்த்துவைக்கும் நகையும் மனையும் அந்த இரவில் அதனோடு பேசமாட்டா.

ஆகவே அன்புக்குரிய பெற்றோரே, பெரிய தீர்மானம் எதுவும் வேண்டாம். இன்றிரவு உறையைப் பிரியுங்கள். மாற்கு நற்செய்தியின் முதல் பத்தியை எடுத்து வையுங்கள். வீட்டிலேயே இளையவரை வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் காத்திருங்கள். நாளை இரண்டாம் பத்தி. சிறுவரைத் தம்மிடம் வரவிடுமாறு பணித்த ஆண்டவர், அவர்கள் எழுத்துக்கூட்டும் ஒவ்வொரு சொல்லின் வழியாகவும் நம் இல்லங்களுக்குள் வருவாராக!