முறைக்கும் வெங்காயம்

கறுப்புப் பொட்டு வைத்த பயறு ஒன்று இருக்கிறதே, சென்னைக்காரர்களுக்கு அது காராமணி, எங்கள் திருநெல்வேலிப் பக்கம் தட்டாம்பயறு. அதைப் பார்த்தால் எனக்குப் புளிக்குழம்புதான் ஞாபகம் வரும். நியூயார்க்கில் சாக்ஸ்டன் ஃபிரெய்மன் என்ற ஓவியருக்கு அது கண்ணாகத் தோன்றியிருக்கிறது. வெங்காயம், குடைமிளகாய், ஆரஞ்சு என்று எது கிடைத்தாலும் இரண்டு பயறைப் பதித்துவிடுவார். வாய்க்குச் சின்னதாக ஒரு கீறல், அதில் கொஞ்சம் பீட்ரூட் சாறு. அவ்வளவுதான், வெங்காயம் நம்மை முறைக்க ஆரம்பித்துவிடும்!

ஜூஸ்ட் எல்ஃபர்ஸ் என்பவரோடு சேர்ந்து 1997-இல் 'பிளே வித் யுவர் ஃபுட்' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். சாப்பாட்டோடு விளையாடச் சொன்னால் எந்த அம்மாவுக்குத்தான் கோபம் வராது? ஆனால் படங்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. காலிஃபிளவர், சுருள் ரோமம் வைத்த ஆடாகிவிடும். பின்னால் வந்த ஒரு புத்தகத்தில் இஞ்சித்துண்டு கடல்குதிரை. 2002-இல் நாய்களுக்கென்றே 'டாக் ஃபுட்'.

அவர் காயை ரொம்பச் செதுக்குவதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. நம் கல்யாண வரவேற்புகளில் தர்பூசணியைக் குடைந்து குடைந்து ரோஜாப்பூ ஆக்கிவிடுவார்கள். அதற்குள் தர்பூசணியைத் தேட வேண்டியிருக்கும். இவர் கையில் காய் காயாகவே இருக்கும், ஆடும் தெரியும். மூக்கோ வாலோ ஏற்கெனவே இருக்கிற காயாகப் பார்த்துப் பொறுக்கினால், பாதி வேலை சந்தையிலேயே முடிந்துவிடுமே!

இந்தப் புத்தகங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த நேரம் நல்ல நேரமில்லை. கணவருக்குக் கோவைக்கு மாற்றல். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனை நவம்பரில் புதுப் பள்ளியில் சேர்த்தோம். வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை, சாயங்காலம் வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். "என்னடா கண்ணு?" என்றால், "ஒண்ணுமில்லம்மா." நாலு வயதில் நின்றுபோன பழக்கம் திரும்பி, ராத்திரி படுக்கை நனைந்தது. உடம்பில் ஒரு குறையுமில்லை என்றார் டாக்டர். எனக்குத் தூக்கம் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார், அதே இருவரின் 1999-ஆம் வருடப் புத்தகமான 'ஹவ் ஆர் யூ பீலிங்?' கொண்டுவந்தார். பீலிங் என்றால் தோலுரிப்பது. மனசில் இருக்கிற 'ஃபீலிங்'கையும் நாம் 'பீலிங்' என்றுதானே சொல்கிறோம்? அந்தச் சிலேடை நமக்காகவே வைத்ததுபோல இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் காய்கனிகளின் முகங்கள். ஒன்று கோபமாக, ஒன்று கூச்சமாக, ஒன்று தனியாக. மகன் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் சாம்பாருக்கு உரித்துக்கொண்டிருந்தேன். தட்டில் நாலைந்து பெரிய வெங்காயத்தை வட்டமாக வைத்து, தள்ளி ஒரு சின்ன வெங்காயத்தை வைத்தான். "இது நான்" என்றான்.

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வெங்காயத்திடமே கேட்டேன். "ஏன்டா தள்ளி உட்கார்ந்திருக்கே?"

"நான் 'ஏல'ன்னு கூப்பிட்டா எல்லாரும் சிரிக்காங்கம்மா. சாப்பிடும்போது பக்கத்துல யாரும் வரமாட்டேங்காங்க."

கண்ணில் தண்ணீர். வெங்காயம் பக்கத்தில் இருந்தது வசதியாகப் போயிற்று.

மறுநாள் வகுப்பு ஆசிரியையைப் பார்த்துப் பேசினேன். நல்ல மனுஷி. அவன் இடத்தை மாற்றி, அவனை ஊர்க்கதை சொல்லச் சொன்னார். படுக்கை காய ஒரு மாதம் ஆனது. அதற்குள் டிபன் பாக்ஸில் தினம் ஒரு மிருகம் வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டான். சேப்பங்கிழங்கு கரடி, முருங்கைக்காய் பாம்பு என்று போய், தட்டாம்பயறு கண் வைத்த பாகற்காய் முதலை அன்றைக்குப் பெரிய கூட்டத்தைச் சேர்த்ததாம். மூடியைத் திறந்தால் முதலை மட்டும் அப்படியே திரும்பி வந்திருந்தது.

"பாகற்காயை ஏன்டா சாப்பிடலை?"

"முதலையை யாராவது சாப்பிடுவாங்களாம்மா?"