வெல்லமும் பெல்லமும்

சித்தூர் வெல்ல மண்டியில் நாற்பது ஆண்டுகள் தரகு செய்த முதியவர் அவர். பக்கவாதம் வந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. கால் ஊன்றுகோலோடு நடக்கப் பழகிவிட்டது. வலக்கை பாதி திரும்பியது. பேச்சுதான் திரும்பவில்லை. பிறர் சொல்வது பெரும்பாலும் விளங்குகிறது. தான் சொல்ல நினைப்பது மட்டும் வாய்க்கு வராமல் நின்றுவிடுகிறது. பிறந்த வீட்டிலும் புகுந்த உறவிலும் தமிழ், மண்டியில் விலை பேசவும் கணக்கிடவும் தெலுங்கு என்று வாழ்ந்தவர்.

முதல் பரிசோதனை எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றில் நடந்தது. படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். வெல்லக் கட்டியைப் பார்த்து அவர் சற்றும் தயங்காமல் "பெல்லம்" என்றார். முதல் ஒலி மாறிய பிழை என்று தாளில் குறிக்கப்பட்டது. சிறுவன் படத்துக்கு "வீடு" என்றார். பொருள் மாறிய பிழை என்று அதுவும் பதிவாயிற்று. மூலையில் நின்ற மகள், "அது தெலுங்குங்க. வீடுன்னா 'இவன்'னு அர்த்தம்" என்றார். தாளில் அதற்கு இடம் இல்லை.

சில வாரங்களுக்குப் பின் திருப்பதியில் தெலுங்கில் பரிசோதித்தார்கள். காலணிப் படத்துக்குத் தெலுங்கில் எதிர்பார்க்கப்பட்ட சொல் "செப்பு". அவர் "செருப்பு" என்றார். இடையில் ஓர் அசையைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டார் என்று இங்கேயும் ஒரு பிழை ஏறியது. இரண்டு இடங்களிலும் குறைவின்றி மதிப்பெண் பெற்ற சொற்கள் "பாலு" போன்றவை. பேச்சுத் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவான அவற்றை எந்த மொழியிலிருந்து எடுத்தார் என்பதை அவரே சொல்ல முடியாது. வேடிக்கை என்னவென்றால், இரு பரிசோதனைகளையும் செய்தவர்கள் தத்தம் மொழியில் தேர்ந்தவர்கள். தவறு அவர்கள் திறமையில் இல்லை. ஒரு மனிதருக்கு ஒரு மொழி என்ற எண்ணத்தில் அச்சிட்ட தாளில் இருந்தது.

சித்தூரில் அந்த எண்ணம் செல்லாது. வட ஆற்காட்டிலிருந்து பகுதிகளைப் பிரித்து 1911இல் இம்மாவட்டம் உருவானது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. 2022இல் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இத்தனை முறை நகர்ந்தும் மக்களின் வாயில் இரு மொழிகளும் அப்படியே இருக்கின்றன.

இரு மொழியாளரின் பேச்சிழப்பில் எந்த மொழி முதலில் திரும்பும் என்ற கேள்வி பழையது. முதலில் கற்றதே நிலைக்கும் என்னும் கருத்து பிரெஞ்சு அறிஞர் ரிபோவின் 1881ஆம் ஆண்டு நூலிலிருந்து வருகிறது. நோய்க்கு முன் மிகுதியாகப் புழங்கியதே முதலில் மீளும் என்று 1895இல் பீத்ரே எழுதினார். ரிபோவைக் கேட்டால் இந்தத் தரகருக்குத் தமிழ் வர வேண்டும். பீத்ரேவைக் கேட்டால் தெலுங்கு. பெரும்பாலான நோயாளிகளிடம் இரண்டும் ஏறக்குறைய ஒருசேர மீள்வதாகவே பின்னாளைய தொகுப்புகள் காட்டின. ஐதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் பக்கவாத நோயாளிகள் 608 பேரை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடி குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே நினைக்கத் தக்கது. நோய்க்குப் பின்னும் அறிவாற்றல் குன்றாதிருந்தோர் இரு மொழியாளரில் 40.5 விழுக்காடு, ஒரு மொழியாளரில் 19.6 விழுக்காடு. ஆனால் பேச்சிழப்பு வந்தோரின் விகிதத்தில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இந்நிலையில்தான் முதியவரின் மகன் கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்தார். தலையில் ஈரப் பஞ்சு வைத்து மின்சாரம் செலுத்தினால் பேச்சு வரும் என்றது அது. கருவியை இணையத்தில் வாங்கிவிடலாமா என்று திருப்பதிப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்டார். வேண்டாம் என்று அவர் அழுத்தமாகச் சொன்னார். மண்டையோட்டில் அறுவை நடந்ததா, தலைக்குள் உலோகம் உள்ளதா, வலிப்பு வந்ததுண்டா என்பதையெல்லாம் பார்க்காமல் தொடக்கூடாத கருவி அது.

எனினும் காணொளி முழுப் பொய்யும் அல்ல. அறுவையின்றி மூளையைத் தூண்டும் முறைகளில் இரண்டு பரவலானவை. ஒன்று காந்தத் தூண்டல்; 1985இல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் செய்துகாட்டியது. மற்றொன்று நேர்மின்னோட்டத் தூண்டல். 2000இல் கோட்டிங்கனில் நிட்ஷே, பவுலஸ் இருவரும் அதன் இக்கால வடிவத்துக்கு வழி திறந்தார்கள். உப்புநீரில் நனைத்த பஞ்சுகள், ஒன்று அல்லது இரண்டு மில்லியாம்பியர், பெரும்பாலும் இருபது நிமிடம். அந்த மின்னோட்டத்தின் பெரும்பகுதி தோலிலும் எலும்பிலுமே தங்கிவிடுகிறது. உள்ளே சேரும் சிறு பங்கு நரம்பணுவை நேரடியாக இயக்குவதில்லை, அது இயங்கும் வாசலைச் சற்றே தாழ்த்துகிறது. ஆகவே அந்த இருபது நிமிடத்தில் நோயாளி என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதே முக்கியம். உள்ளங்கையளவு பஞ்சு தமிழை மட்டும் தேர்ந்து தூண்டாது. எந்த மொழி வலுப்பெறும் என்பதைப் பயிற்சியே தீர்மானிக்க வேண்டும்.

சான்றுகள் கலவையானவை. கை இயக்கத்துக்காக அமெரிக்காவில் 12 மையங்களில் 199 பேரிடம் நடந்த காந்தத் தூண்டல் ஆய்வில் (2018) மெய்த்தூண்டல் பெற்றவர்களும் போலித்தூண்டல் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். இருவருக்கும் கிடைத்த பயிற்சியே வேலை செய்தது என்று படிக்கலாம். பேச்சிழப்பில் நம்பிக்கை தருவது அதே ஆண்டில் வந்த ஃப்ரிட்ரிக்சன் குழுவின் ஆய்வு. தென் கரோலினாவில் 74 பேருக்கு ஆங்கிலச் சொற்களில் 15 நாள் பயிற்சி அளித்தார்கள். சரியாகப் பெயர் சொன்ன படங்கள் மெய்த்தூண்டலில் சராசரியாக 13.9 கூடின, போலித்தூண்டலில் 8.2. இம்முறையை வீண் என்று கைவிட வேண்டியதில்லை என்று சொல்லும் அளவுக்கே அந்த ஆய்வு வடிவமைக்கப்பட்டது. பயனை மெய்ப்பிக்க அது போதாது.

இடைவெளி ஆறு சொற்கள்கூட இல்லை. பெல்லம், வீடு, செருப்பு என்று இந்த முதியவரிடம் மட்டும் மூன்று சொற்கள் தவறாக எண்ணப்பட்டன. தூண்டலுக்கு முன்னும் பின்னும் ஒரே அளவில் தவறு நேர்ந்தால் கழித்தலில் அது மறைந்துவிடும் என்று வாதிடலாம். ஆனால் தேறிவரும் இரு மொழியாளர் மொழிகளைக் கலக்கும் விதமும் மாறிக்கொண்டே வரக்கூடும். அப்போது தவறும் கூடிக் குறையும். அந்த ஆய்வை இங்கே திரும்பச் செய்பவர், கருவி வாங்குமுன் விடைத்தாளைத் திருத்தியாக வேண்டும். செலவு அதற்குத்தான் குறைவு, ஆனால் நல்கை விண்ணப்பத்தில் கருவிக்கு இருக்கும் கவர்ச்சி சொற்பட்டியலுக்கு இல்லை.

திருப்பதிப் பயிற்சியாளர் தம்மளவில் அதைச் செய்தார். மகளை உட்காரவைத்து நாற்பது பொருள்களுக்கு வீட்டுச் சொல், மண்டிச் சொல் என இரண்டு நிரல்கள் எழுதினார். இரண்டிலும் ஒத்தவற்றுக்கு மூன்றாவது நிரல். எந்த நிரலில் விடை வந்தாலும் சரி. எது வந்தது என்று மட்டும் குறிக்க வேண்டும். பழைய தாள்களையும் அப்படியே மறுபடி எண்ணினார்கள். மூன்று பிழைகளும் விடைகளாயின.

தூண்டல் பற்றிய முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. நாள்தோறும் மூன்று வாரம் வர வேண்டியிருக்கும். சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர், உடன் வர மகளுக்கு விடுப்பு வேண்டும். அதுவரை வீட்டுத் திண்ணையில் பயிற்சி நடக்கிறது. வெல்லக் கட்டியை எடுத்து நீட்டி, "இது இன்னா நைனா?" என்கிறார் மகள். "பெல்லம்." இரண்டாம் நிரலில் கோடு விழுகிறது. "வீட்ல இன்னான்னு சொல்லுவ?" நெடுநேரம் உதடு குவிகிறது, பிரிகிறது. அன்று வரவில்லை. முதல் நிரலில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.