பூட்டிக்கொண்ட மண்

பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் மண்ணும் தன்னைப் பூட்டிக்கொள்ளும். எங்கள் பங்கு இல்லத்தின் பின்புறம் இருப்பது செம்மண். ஐப்பசி மழை வெறும் பாத்தியில் அறையும்போது மண்கட்டிகள் உடைந்து, நுண்துகள்கள் இடுக்குகளை அடைத்துக்கொள்கின்றன. அடுத்து வரும் வெயிலில் மேல்மண் பொருக்காக இறுகிவிடுகிறது. விதைத்த கீரை முளைக்கத்தான் செய்கிறது. வெளிவர வழியின்றி உள்ளேயே மடிகிறது.

கடப்பாரையால் பிளக்கலாம். ஆனால், அடுத்த மழையில் மீண்டும் இறுகும். தோட்டத்தைப் பேணும் மூதாட்டி சொல்வார்: “சும்மா விட்டா இறுகும் சாமி, போர்த்துனா நெகிழும்.” அவர் பூவாளியால் நனைத்து, ஈரம் பதமானதும் களைக்கொத்தால் பொருக்கை மட்டும் கீறிவிடுகிறார். மக்கிய தொழுவுரத்தைக் கலந்து விதைத்து, மேலே மெல்லிதாக வைக்கோல் பரப்புகிறார். முளை தலைகாட்டியதும் அதை விலக்கிவிடுகிறார். மழையின் அறைதலை வைக்கோல் தாங்கிக்கொள்கிறது. எருவை நாடி வரும் மண்புழுக்கள் உள்ளிருந்தே வழி திறக்கின்றன. ஒருமுறை இட்ட எரு போதாது. நம் சமவெளியின் வெப்பத்தில் அது விரைவில் சிதைந்துவிடும். ஆகவே, ஆண்டுதோறும் இடவேண்டும்.

பொருக்கு வெளியிலிருந்து வந்ததன்று. போர்வையின்றி அடிபட்ட அதே மண்தான். நம் இல்லங்களில் இறுகிப்போன ஒருவரைக் குறைகூறுமுன், அவர் எத்தனை மழையைத் தனியே தாங்கினார் என்று எண்ணிப் பார்ப்போமா?