ஹைப்போவா, ஹைப்பரா? காது ஏமாறும் இடம்

1/ சர்க்கரை நோயாளி இருக்கிற வீட்டுல என்னைக்காவது காதுல விழக்கூடிய ரெண்டு ஆங்கில வார்த்தைகள்: ஹைப்போகிளைசீமிக், ஹைப்பர்கிளைசீமிக். முதலாவது, ரத்தத்துல சர்க்கரை குறைஞ்ச நிலை. ரெண்டாவது, ஏறிய நிலை. நேர் எதிர்.

2/ அசை பிரிச்சுப் பாருங்க.
ஹை-போ-கிளை-சீ-மிக்.
ஹை-பர்-கிளை-சீ-மிக்.
ரெண்டுக்கும் அஞ்சு அசை. வித்தியாசம் ரெண்டாவது அசையில மட்டும்தான்.

3/ ஆங்கிலத்துல எல்லா அசைக்கும் ஒரே பலம் கிடையாது. இங்கே முக்கிய அழுத்தம் 'சீ' மேல விழுது. அதுக்கு அடுத்த பலம் 'ஹை'க்கு. அர்த்தத்தையே மாத்துற 'போ'வும் 'பர்'ரும் பலம் குறைஞ்ச இடத்துல மாட்டிக்கிச்சு. போன்லயோ வார்டு இரைச்சல்லயோ முதல்ல காணாமப் போறது அதுதான்.

4/ தமிழ்ல நமக்குக் குறில், நெடில் முக்கியம். பல் வேற, பால் வேற. ஆனா ஒரு அசையை அழுத்திச் சொன்னதால சொல்லோட பொருள் மாறாது. அதனால ஆங்கில அழுத்தத்தைக் கவனிக்க நம்ம காது அவ்வளவா பழகலை.

5/ விளைவு என்ன? சர்க்கரை 70க்குக் கீழே போய் வியர்த்து நடுங்குறவருக்கு உடனே சர்க்கரை தேவை. நினைவோட இருந்து விழுங்க முடிஞ்சா 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி சோதனை. மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108ஐக் கூப்பிடுங்க. அவருக்கே 'ஏறிடுச்சு'ன்னு நினைச்சு இன்சுலின் போட்டா உயிருக்கே ஆபத்து.

6/ எண்லயும் இதே கதை. 'ஃபிஃப்டீன்' தனியா வந்தா அழுத்தம் 'டீன்' மேல. பின்னாடி 'யூனிட்ஸ்' சேர்ந்தா அழுத்தம் முன்னாடி 'ஃபிஃப்' மேல நகர்ந்துடும். இப்போ அது 'ஃபிஃப்டி யூனிட்ஸ்' மாதிரியே கேட்கும். 15 எங்கே, 50 எங்கே!

7/ அதனால மூணு விஷயம்.
போன்ல பேரைச் சொல்லாதீங்க, அளவைச் சொல்லுங்க: "சுகர் 52 இருக்கு."
"குறைஞ்சிருக்கா, ஏறியிருக்கா டாக்டர்?"னு தமிழ்லயே கேளுங்க. கூச்சம் வேண்டாம்.
இன்சுலின் அளவைத் திருப்பிச் சொல்லி உறுதி பண்ணுங்க: "ஒன்னு, அஞ்சு. பதினஞ்சு யூனிட்."

8/ பதினஞ்சும் அம்பதும் எந்த இரைச்சல்லயும் குழம்பாது. இந்த ஒரு இடத்துல நம்ம பேச்சுத் தமிழ் ரொம்பப் பாதுகாப்பானது. பயன்படுத்துங்க.