போய் வருகிறேன்

கடந்த ஆண்டு தவக்காலத் தொடக்கத்தில் எங்கள் வீட்டிற்கு ஒரு நாட்டு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. பிறந்து 2 மாதமே ஆகியிருந்தது. தாயின் சூட்டிலும் உடன்பிறந்தவற்றின் நெருக்கத்திலும் கிடந்த அந்தச் சிற்றுயிர் அதுவரை தனிமையை அறிந்ததில்லை.

முதல் ஞாயிறன்று அதை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு, நானும் மனைவியும் திருப்பலிக்குச் சென்றோம். திரும்புகையில் தெருமுனையிலேயே அதன் ஓலம் கேட்டது. கதவின் அடிப்பகுதியெங்கும் நகக் கீறல்கள். சினந்து அதட்டினேன். மறுநாள் அது அறியாதவாறு புறக்கடை வழியே நழுவிச் சென்று பார்த்தேன். அதன்பின் நான் எழுந்தாலே காலடியில் வந்து நின்றது; என்னைக் கண்மறைய விடவில்லை.

கால்நடை மருத்துவரிடம் முறையிட்டேன். "அது பிடிவாதத்தால் அழவில்லை, அச்சத்தால் அழுகிறது. அச்சத்தை அதட்டி விரட்ட முடியுமா?" என்றார். பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து ஏறத்தாழ 14ஆம் வாரம் வரை குட்டிகள் புதியவற்றை எளிதில் ஏற்கும் பருவம் என்றும், அக்காலத்தில் ஊட்டும் நம்பிக்கை நெடுநாள் நிற்கும் என்றும் விளக்கினார்.

அவர் சொன்னபடி, கதவைச் சாத்திவிட்டு அரை நிமிடத்தில் திரும்பினேன். அழுகை தொடங்குமுன்பே திரும்ப வேண்டும். பின்னர் 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம். அழுதுவிட்டால் அடுத்த முறை நேரத்தைக் குறைத்தேன். அதன் சாக்கின்மேல் என் பழைய சட்டையை விரித்தேன். குக்கரின் சீழ்க்கைக்கு நடுங்கியபோது, ஓசை மெலிதாய்க் கேட்கும் கொல்லைக்குத் தூக்கிச் சென்று ரொட்டித் துண்டு கொடுத்தேன். நாளடைவில் அடுக்களையருகே வந்தோம். இடைப்பட்ட ஞாயிறுகளில் நாங்கள் இருவரும் வெவ்வேறு திருப்பலிகளுக்குச் சென்றோம்.

உயிர்ப்பு ஞாயிறன்று சேர்ந்தே சென்று திரும்பினோம். தெரு அமைதியாக இருந்தது. குட்டி சட்டைமேல் படுத்திருந்தது. தலையைத் தூக்கி வாலை மட்டும் ஆட்டியது.

அன்று என் அன்னையை நினைத்தேன். கடைசி 2 ஆண்டுகள் அவர்கள் கட்டிலோடு கிடந்தார்கள். நான் புறப்படும்போதெல்லாம், "எப்பய்யா வருவே?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சி, பல நாள் புறக்கடை வழியாகவே போய்விடுவேன். அவர்கள் வருந்தாதிருக்கவே அப்படிச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், நின்று பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. குட்டிக்கு அளித்த அந்த அரை நிமிடத்தை நான் அன்னைக்கு அளிக்கவில்லை.

தோபித்து நூலில், மகன் வரும் வழியைப் பார்த்தபடியே அமர்ந்திருக்கிறார் தாய் அன்னா. தோபியா திரும்பி வருகிறார். புறப்பட்டபோது உடன்சென்ற நாயும் பின்னே வருகிறது. முன்பெல்லாம் அந்த நாயைக் கண்டு புன்னகைத்துக் கடந்துவிடுவேன். இப்போது அன்னாவிடம் வந்ததும் வாசிப்பு நின்றுவிடுகிறது.

விடைபெறும்போது நம்மவர் "போகிறேன்" என்பதில்லை; "போய் வருகிறேன்" என்பார்கள். அச்சொல்லை நம்பும்படி செய்வது, தவறாமல் திரும்பி வருவதுதான். இப்போது நான் முன்வாசல் வழியாகவே புறப்படுகிறேன், சொல்லிவிட்டே புறப்படுகிறேன்.