வேலியில்லாத வயல்கள்

நொட்டிங்ஹம்ஷயரில் உள்ள லக்ஸ்டன் மிகச் சிறிய கிராமம். ஒரு தேவாலயம், மண்மேடாய் எஞ்சிய நோர்மன் கோட்டை, டவ்கொட் இன் என்ற மதுச்சாலை. ஊரைச் சுற்றி மேற்கு வயல், ஆலை வயல், தென் வயல் என மூன்று பெருவெளிகள். இங்கிலாந்தில் நான் பார்த்த வேறெந்த வயலிலும் இல்லாத ஒன்று இங்கே உண்டு: துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே வேலி இல்லை. பல கமக்காரர் பக்கம் பக்கமாக உழுகிறார்கள். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தகால விதைப்பு, மூன்றாவதற்கு ஓய்வு; மறுவருடம் முறை மாறும்.

ஒருகாலத்தில் மத்திய இங்கிலாந்தின் பெரும்பகுதி இப்படித்தான் பயிர் செய்தது. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் பாராளுமன்றச் சட்டங்களின் துணையோடு பொதுவயல்கள் அடைக்கப்பட்டன. மேய்ச்சல் உரிமை இழந்த எளியவர்கள் பலர் கூலியாட்களானார்கள். லக்ஸ்டன் தப்பியது. 1635இல் மார்க் பியர்ஸ் வரைந்த அதன் வரைபடம் ஒக்ஸ்ஃபோர்ட் பொட்லியன் நூலகத்தில் இருக்கிறது. துண்டு துண்டாகக் காட்டிய நிலத்தில் உழுகிறவர்களையும் அறுக்கிறவர்களையும்கூட வரைந்திருக்கிறார்.

வயலைக் காப்பது கோர்ட் லீற் என்ற பழைய ஊர் நீதிமன்றம். நவம்பர் கடைசியில் ஜூரிகளான கமக்காரர்கள் கோதுமை வயலைச் சுற்றி நடப்பார்கள். எவராவது பாதையிலோ பொதுப் புல்தரையிலோ ஏர் ஓட்டியிருந்தால் சரியான எல்லையில் முளைக்கட்டை அடிப்பார்கள். அடுத்த வாரம் மதுச்சாலையில் நீதிமன்றம் கூடும், தண்டம் விதிக்கப்படும். குற்றம் செய்தவரும் தண்டிப்பவரும் அயலவர்களே. 1977ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பழைய மன்றங்களின் அதிகாரத்தைக் களைந்தபோதும், லக்ஸ்டனுடையதை விட்டுவைத்தது.

விதைக்கும் நாளையும் குளத்துநீர் திறக்கும் நாளையும் கமக்காரர் கூட்டம் கூடித் தீர்மானிக்கும் வன்னியில் வளர்ந்தவன் நான். மற்றவனின் வரம்பை மதிக்கச் சட்டப்புத்தகத்தைவிட அயலவன் முகமே உதவும் என்பதை அங்கே கண்டிருக்கிறேன். அதனால்தான் இந்த ஊர்மீது எனக்கு இவ்வளவு மரியாதை. இதைப் பழங்காலக் காட்சிப்பொருள் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இவர்கள் உழுது பிழைக்கிறவர்கள்.

1952இல் விவசாய அமைச்சு இந்த நிலத்தை வாங்கியது. 1981இல் முடியாட்சிச் சொத்து நிர்வாகத்திடம் போனது. 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட்டிடம் வந்தது. உடைமையாளர் மாறினாலும் ஜூரி நடப்பது நிற்கவில்லை. உழாமல் விட்ட புல்தரைகளில் கோடையில் காட்டுப்பூக்கள் பூத்திருக்கும். பொதுப்பாதைகளில் யாரும் நடக்கலாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள்.