சாவி வரிசை

சென்ற சித்திரை விடுமுறையில் பத்தமடை வீட்டுத் திண்ணையில் கோரைப்பாய் விரித்து, கணவனும் மனைவியுமாக அமர்ந்திருந்தோம். பெங்களூரில் பணிபுரியும் தமக்கை மகன் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தான். இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலில் அவனுக்கு வேலை.

"நின்னு போச்சாடே?" என்று கேட்டோம்.

"இல்ல மாமா. ராத்திரி பூரா ஓடுச்சு. ஆனா நிக்கலாம்னு சொல்லுது."

கல்லூரியில் தமிழ் நடத்தும் எங்களுக்கு, நிகழாத விபத்துக்கு எச்சரிக்கை என்பது வியப்பாக இருந்தது. அவன் விளக்கினான். ஒரே தரவை இரு வேலைகள் ஒரே கணத்தில் திருத்திவிடாதிருக்கக் கெர்னல் பூட்டுகளைக் கையாள்கிறது. ஒரு வேலை முதற்பூட்டைப் பற்றிக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருக்க, இன்னொன்று இரண்டாவதைப் பற்றிக்கொண்டு முதலாவதற்குக் காத்திருந்தால், இரண்டும் விடா; இரண்டும் நகரா. இரண்டும் எதிர்ப்படும் அந்த நொடி வாய்த்தால்தான் இது வெளிப்படும். அதுவரை ஆண்டுக்கணக்கில் பிழை ஒளிந்திருக்கும்.

2006இல் லினக்ஸ் 2.6.18 பதிப்பில் இடம்பெற்ற, இங்கோ மோல்னாரின் 'லாக்டெப்' அந்த நொடிக்காகக் காத்திருப்பதில்லை. எந்தப் பூட்டை வைத்துக்கொண்டு எந்தப் பூட்டைக் கேட்டார்கள் என்பதைக் குறித்துக்கொண்டே வருகிறது. காலையில் ஒரு வேலை ஒரு வரிசையிலும், மாலையில் மற்றொன்று எதிர்வரிசையிலும் சென்றிருந்தாலே போதும். இரு தடங்களையும் எழுதிக் காட்டிவிடும். வரிசை எங்கே புரண்டது என்று அவற்றில் தேடிக் காண்பதே நோய்நாடல். இரு பாதைகளிலும் ஒரே வரிசையைக் கடைப்பிடிப்பதே மருந்து.

"அப்ப தப்பு எதுலடே?"

"ரெண்டும் தனித்தனியா சரிதான் மாமா. சேரும்போதுதான் தப்பு."

எங்களுக்குச் சுருக்கென்றது. அப்பா மறைந்தபின் அரங்கு வீட்டுச் சாவி அண்ணனிடமும், அதனுள் இருக்கும் பெட்டகத்தின் சாவி எங்களிடமும் தங்கிவிட்டன. பத்திரங்கள் பெட்டகத்தில். மூத்தவர் என்பது அண்ணனின் நியாயம். கடைசிவரை அப்பாவைப் பார்த்துக்கொண்டோம் என்பது எங்கள் நியாயம். 'முதலில் அவர்கள் கொடுக்கட்டும்' என்று இரு வீட்டாரும் காத்திருந்ததில் ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன.

"நின்னே போயிட்டுன்னா?"

"யாராவது ஒருத்தர் கையில உள்ளத விடணும் மாமா. இல்லன்னா அணைச்சுத்தான் போடணும்."

இயந்திரத்தை அணைத்துப் போடலாம். அண்ணனை?

வெயில் தாழ்ந்ததும் பெட்டகச் சாவியை எடுத்துக்கொண்டு இருவரும் அண்ணன் வீட்டுத் தெருவுக்கு நடந்தோம்.